காலி இடத்துக் கார்னெட்

ஊருக்குள் எங்கள் பேண்டு செட்டுக்குப் பழக இடம் கொடுப்பார் யாரும் இல்லை. கொடுத்தாலும் ஒரு வாரம் பொறுப்பார்கள். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு நெஞ்சுவலி என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் எங்கள் மாஸ்டர் அப்துல் வாஹித், பேகம்பூருக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த தோல் கிட்டங்கி ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஐம்பத்தெட்டாம் வருஷம், மழை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் முதல்தடவையாக அதற்குள் காலை வைத்தேன்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை. ஓட்டுக்கூரை உயரத்தில் எங்கோ இருந்தது. தோல் ஊறப்போடும் தொட்டிகள் சுவரோரமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. தோல் போய் எத்தனையோ காலமாகியும் நாற்றம் போகவில்லை. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த நெடி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. மலைச்சாமி இருமினான். அவன் கிளாரினெட்காரன். ஊதச் சொன்னால் மட்டும்தான் இருமமாட்டான்.

"மாஸ்டர், இங்க எதிரொலி அடிக்குதே" என்றேன்.

"நல்லதுதானடா பவுலு. தப்பா வாசிச்சா ரெண்டு தடவ கேக்கும்ல."

நான் பவுல்ராஜ். சைடு டிரம் அடிக்கிறவன். ஊதுகிறவனுக்குத் தன் சத்தம்தான் காதில் விழும். டிரம்காரனுக்கு அப்படியில்லை. எல்லாருடைய சத்தத்தையும் கேட்டுத்தான் அவன் குச்சியைப் போடவேண்டும். எவன் எங்கே மூச்சு வாங்குகிறான், எவன் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு ஏமாற்றுகிறான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காது மட்டும் இல்லாமலிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மாஸ்டர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு எங்களை நிறுத்தினார். முன்வரிசையில் நாலு இடம். இடது கோடியில் மலைச்சாமி, அடுத்து இன்னொரு கிளாரினெட், வலது கோடியில் கார்னெட் என்ற குட்டை எக்காளம் ஊதும் சேக் பரீது. பரீதுக்கு இடது கைப்பக்கம் இருந்த மூன்றாவது இடத்தில் யாரும் இல்லை. அதற்கு நேர் பின்னால் நான்.

"மாஸ்டர், பரீத நகந்து நிக்கச் சொல்லி எடத்த மூடிரலாமே" என்றான் மலைச்சாமி. "பாக்கவே ஒருமாதிரியா இருக்கு."

மாஸ்டர் பர்மாச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். முதுகு இன்னும் வளையவில்லை. "பட்டாளத்துல அப்பிடிப் பழக்கம் கெடையாதுப்பா. அணியில ஒருத்தன் விழுந்துட்டா, எடுத்த காரியம் முடியிற வரைக்கும் அவன் எடம் காலியாவே கூட வரும். முத்துச்சாமி விழுந்த மார்ச்ச நாம இன்னும் முடிக்கல. முடிச்சப்புறம் மூடிக்கலாம்."

அந்தக் காலி இடத்தின் பக்கம் பரீது திரும்பவே இல்லை.

முத்துச்சாமி எப்படி விழுந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் வசதியான வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பேண்டு, பெண் வீட்டுக்கு ஒரு பேண்டு. இரண்டு ஊர்வலமும் வழியில் நேருக்கு நேர் வந்துவிட்டால் இரண்டு செட்டும் நின்ற இடத்திலேயே வாசிக்கும். எந்தச் செட்டின் பாட்டு முதலில் அறுபடுகிறதோ அது ஒதுங்கி வழிவிட்டு, மற்றதன் பின்னால் நடந்து வரவேண்டும். ஒதுங்கிய செட்டை அந்த வருஷம் பூராவும் டீக்கடையில் வைத்துக் கிழிப்பார்கள். இதற்கென்றே மாஸ்டர் பட்டாளத்திலிருந்து ஒரு மார்ச்சைக் கொண்டுவந்திருந்தார். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. மூச்சு மார்ச் என்றுதான் சொல்வோம்.

அதில் மூன்றாவது பாகம் முழுக்கக் கார்னெட்டுக்கு. அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். மூச்சு வாங்க ஒரு பொட்டு இடம் கிடையாது. ஒற்றை ஆளால் ஆகாத காரியம். அதனால் இரண்டு கார்னெட் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாற்றி மாற்றி ஊதுவார்கள். கேட்கிறவன் காதில் ஒரே ஆள் ஊதுவதாகத்தான் விழவேண்டும். ஊதிக்கொண்டிருப்பவன் மூச்சு முடிகிற நேரத்தில் பக்கத்து ஆளின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடிப்பான். அவன் அதே சுரத்தைப் பிடித்துக்கொள்வான், இவன் விட்டுவிடுவான். இடி வராமல் மற்றவன் உள்ளே நுழையக்கூடாது. நுழைந்தால் இரண்டு சத்தமும் முட்டிக்கொண்டு மானம் போகும்.

முத்துச்சாமியும் பரீதும் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு புகைச்சல் இருந்தது. தோல் வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணம் முடிந்ததும் இருவரில் ஒருவனைப் பர்ஸ்ட் கார்னெட் ஆக்குவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். மாஸ்டரின் மகள் சர்புன்னிசாவைப் பரீதுக்கு நிச்சயம் பண்ணியிருந்த நேரம் அது. "முன்னாடி எனக்குத்தான் குடுக்கிறதாச் சொன்னாரு. இப்ப மருமகனுக்கில்ல குடுப்பாரு" என்று முத்துச்சாமி என்னிடம் புலம்பினான். அவன் மடியில் எப்போதும் ஒரு பொட்டலம் ஓமம் இருக்கும். நெஞ்சு திறக்கும் என்று நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பான். பேசும்போது அந்த வாசனைதான் முதலில் வரும்.

அந்தக் கல்யாணத்தில் ஜட்கா வண்டி நிற்கும் முக்கில் நத்தம் செட்டு எங்களை எதிர்த்து வந்தது. சாயங்கால வெயில். மூச்சு மார்ச் மூன்றாவது பாகத்துக்கு வந்தது. முத்துச்சாமி எடுத்தான். மாற்றிக்கொள்ளும் இடம் வந்தது.

பரீது கார்னெட்டை உதட்டில் வைத்தபடி சும்மா நின்றான்.

முத்துச்சாமி விடாமல் ஊதினான். கழுத்து நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்தது. உச்சிச் சுரத்துக்குப் போய்ச் சேர்கிற நேரத்தில் சத்தம் அறுந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். அவனுடைய பூட்ஸ் குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருக்கும். அது ரோட்டில் இரண்டு இழுப்பு இழுத்தது. மடியிலிருந்த ஓமம் சிதறி அந்த இடமெல்லாம் மணத்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர்.

"அவரு என்னைய இடிக்கல மாஸ்டர். இடிக்கவே இல்ல" என்று பரீது சொல்லிக்கொண்டே இருந்தான். யார் நம்புவார்கள்? ஒருத்தன் ஊதி ஊதிச் செத்ததையும் இன்னொருத்தன் பொம்மை மாதிரி நின்றதையும் ஊரே பார்த்திருந்தது. எனக்கு எதிர் செட்டு டிரம்காரனின் குச்சி மேல்தான் கண். முழங்கையை நான் பார்க்கவில்லை. முத்துச்சாமியின் பெண்சாதி பழனியம்மாள் கன்னிவாடியிலிருந்து பூக்கூடையோடு வந்து அதே முக்கில் உட்கார்ந்து விற்பவள். ஓடிவந்து ஒரு கை மண்ணை அள்ளிப் பரீதின் முகத்தில் எறிந்தாள். மாஸ்டர் கல்யாணப் பேச்சை நிறுத்தினார். எப்போது என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார். அவர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கிட்டங்கிக்கு நாங்கள் வந்த இந்த நேரத்தில் அதே வியாபாரியின் இளைய மகனுக்குக் கல்யாணம். அதே வழி, எதிரே அதே நத்தம் செட்டு. அறுந்துபோன அதே மார்ச்சை வாசித்து முடித்தால்தான் ஆச்சு என்றார்கள். மாஸ்டர் பரீதைக் கூப்பிட்டு, "ஒத்தையா ஊது. ரெண்டு எடத்துல மூச்சு வாங்கிக்க. பவுலு டிரம்ம உருட்டி அந்த ஓட்டைய மூடிருவான். இத ஒழுங்கா முடிச்சுக்குடு. மத்தத அப்புறம் பேசுவோம்" என்றார்.

பரீது தலையாட்டினான். அவனுடைய பெயர், அவனுக்குப் பேசிய பெண், எல்லாம் அந்த ஒரு மார்ச்சில் வந்து நின்றுவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. நம்பினேனா என்று கேட்டால், இல்லை.

கிட்டங்கியில் பழக ஆரம்பித்தோம். மூன்றாவது பாகம் வந்தது. பரீது ஏறிக்கொண்டே போனான். முதல் இடம் நெருங்கியதும் நான் குச்சியை உருட்டினேன்.

மூட வேண்டிய ஓட்டையே அங்கே இல்லை.

கார்னெட் ஒரே இழையாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. என் உருட்டல்தான் கூப்பிடாத வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஆள் மாதிரி அசிங்கமாகத் தனியே கேட்டது.

மாஸ்டர் குச்சியைத் தட்டி நிறுத்தினார். "மலைச்சாமி, நீதான ஊடால ஊதுன?"

"எனக்கெதுக்கு வம்பு மாஸ்டர், நான் ஏன் ஊதப்போறேன்? பவுலக் கேளுங்க."

"எதிரொலியா இருக்கும்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். எதிரொலி நேற்றைய சத்தத்தைத்தான் திருப்பிச் சொல்லும். நாளைக்கு வரப்போகும் சுரத்தை அதனால் முன்கூட்டி ஊத முடியாது.

மறுநாள் மாஸ்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னையும் பரீதையும் மட்டும் நிறுத்தி வைத்தார். பரீதுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "ஊது" என்றார். நான் என் இடத்தில், காலி இடத்துக்குப் பின்னால் நின்றேன்.

முன்னால் நிற்கிறவருக்குக் கார்னெட்காரன் மூச்சு வாங்குவது தெரியாது. கார்னெட் உதட்டைவிட்டு இறங்காது, கடைவாயில் காற்றை இழுத்துக்கொள்வான். பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியும். தோள் ஏறும்.

பரீதின் தோள் ஏறியது.

காற்று உள்ளே போகிறது.

சத்தம் வெளியே வருகிறது.

சத்தம் அவனிடமிருந்து வரவில்லை. அவனுக்கு ஒரு முழம் இடது பக்கத்திலிருந்து வந்தது. என் முகத்துக்கு நேரே. சுண்ணாம்பு நெடிக்கு மேலே லேசாக ஓமம் மணத்தது. என் கையில் குச்சி தானாக ஓடிக்கொண்டிருந்ததே தவிர நான் அடிக்கவில்லை.

முடிந்ததும் மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது.

"பரீது, இத ஒத்தையாவே ஊத முடியும்னா, அன்னைக்கு நீ ஏன் சும்மா நின்ன?"

மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான்தான் பரீதைக் கைத்தாங்கலாகத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்தேன்.

"அண்ணே, ரெண்டு எடத்துலயும் நான் மூச்சு வாங்குனேன்."

"பாத்தேன்டா."

"அப்ப ஊதுனது யாரு?"

நான் அந்தக் காலி இடத்தைப் பார்த்தேன்.

"ஒத்தாச பண்றாருன்னு நெனைக்காதீங்க" என்று அவன் ரகசியம்போலச் சொன்னான். "இப்பவும் இடிக்கிறதில்ல. நான் எப்படா விடுவேன்னு காத்திருந்து அவரா புடுங்கிக்கிறாரு. என்னைய மாட்டிவிடுறாரு அண்ணே."

ஆனால் மனுஷ புத்தியைப் பாருங்கள். வீட்டுக்கு நடக்கும்போது, இவன் ஏதோ வித்தை கற்றுக்கொண்டு நம்மையும் சேர்த்து ஏமாற்றுகிறானோ என்றும் தோன்றியது.

மாஸ்டருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. யாரையாவது ஒளித்துவைத்து முத்துச்சாமியின் கார்னெட்டை ஊதவைக்கிறான் என்று நினைத்து, அது இருந்த பெட்டியை எங்கள் முன்னால் கொண்டுவந்து திறந்தார். முத்துச்சாமி செத்த அன்றைக்குத் துடைத்து உள்ளே வைத்தது. ஊதி முடித்த கார்னெட்டில் மூச்சுக்காற்று தண்ணீராகி நிற்கும். அதை வடிக்க அடியில் சின்னதாக ஒரு விசை உண்டு. மாஸ்டர் அதை அழுத்தினார்.

தண்ணீர் கொட்டியது. அவர் கையை உதறினார்.

"சூடா இருக்கு" என்றார் மெதுவாக.

அன்றைக்கே எங்கள் ஊர்ப் பூட்டு ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அடுத்த நாள் திறந்தபோது மறுபடியும் தண்ணீர். அதற்கப்புறம் செட்டில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை. மாஸ்டர் தூங்கும்போது சாவியை எடுத்திருப்பான் என்று மலைச்சாமி பரீதைச் சொன்னான். பரீது மலைச்சாமியைச் சொன்னான். டிரம்காரனுக்குத்தான் ஊதத் தெரியாது, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது என்று யாரோ என்னையும் சொன்னார்கள். டீ குடிக்கப் போகும்போது ஆளாளுக்குத் தங்கள் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனோம். இத்தனை வருஷம் ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள்.

இடத்தை மூடிவிடலாம் என்று மலைச்சாமி இன்னொரு தடவை கேட்டான். "மார்ச்ச முடிக்காம மூடமாட்டேன்" என்றார் மாஸ்டர்.

கல்யாண நாள் வந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. மலைக்கோட்டைப் பாறை வெயிலில் தகதகத்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்யாணம் பார்க்க வந்த கூட்டம் பாதி, பரீதைப் பார்க்க வந்த கூட்டம் பாதி.

பள்ளிவாசல் முன்னால் வாத்தியத்தை நிறுத்திவிட்டு நடப்பது எங்கள் வழக்கம். நானும் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாருடைய காலும் ஒன்றாக விழுந்தது.

ஒரே ஒரு ஜோடியில் மட்டும் லாடம் அடித்திருந்தது.

எங்கள் செட்டில் லாடம் அடித்த பூட்ஸ் போட்டவன் ஒருவன்தான் இருந்தான். அவனைக் கன்னிவாடிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் கிணுக் கிணுக் என்று அது நடந்து போனது. புழுதியில் தடம் விழவில்லை. பரீதின் பிடரி வேர்த்திருந்தது.

"அண்ணே" என்றான் திரும்பாமல்.

"கேக்குது. நட."

ஜட்கா முக்கு வந்தது. எதிரே நத்தம் செட்டு ஏற்கெனவே வாசித்துக்கொண்டு நின்றது. பழனியம்மாள் பூக்கூடைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். மாஸ்டர் கையை உயர்த்தினார். நாங்கள் மூச்சு மார்ச்சை எடுத்தோம்.

முதல் பாகம் போனது. இரண்டாம் பாகம் போனது. மூன்றாவது பாகத்துக்கு நான் உருட்டிக் கொடுத்தேன். பரீது கார்னெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

அவன் வைப்பதற்கு முன்பே பாட்டு கிளம்பிவிட்டது.

பரீது கார்னெட்டை உதட்டில் வைத்தபடி அப்படியே நின்றான். அன்றைக்கு நின்ற அதே மாதிரி. கூட்டத்தில் யாரோ, "பாருங்கய்யா, நல்லா ஊதுறான்ல, அன்னைக்கு என்ன கேடு இவனுக்கு?" என்று கத்தினார்கள். அதுதான் அவனை உசுப்பியது என்று நினைக்கிறேன். பரீது கார்னெட்டை உதட்டிலிருந்து எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே எல்லாரும் பார்க்கும்படி தூக்கினான்.

பாட்டு நிற்கவில்லை.

கிளாரினெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. மலைச்சாமியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஜட்காக் குதிரைகள் பின்னால் பின்னால் நகர்ந்து வண்டிகளை ஒன்றோடொன்று மோதவைத்தன. எதிரே நத்தம் செட்டு தானாக அறுந்துபோனது. அந்த முக்கில் என் டிரம்மும் அந்தக் கார்னெட்டும் மட்டும்தான். நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

மாற்றிக்கொள்ளும் இடம் வந்தது. பரீது தன் இடது விலாவைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் சட்டை அசையவில்லை. யாரும் இடிக்கவில்லை. பாட்டு அந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறியது.

"பாத்துக்கங்க" என்று பரீது கத்தினான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கும் விடல. பாத்துக்கங்க!"

அடுத்த மாற்றும் இடமும் போனது. சத்தம் நடுங்க ஆரம்பித்தது. உச்சிச் சுரத்துக்குப் போகிற வழியில், அன்றைக்கு அறுந்த அதே இடத்தில் அறுந்தது. எனக்கு முன்னால் காலி இடத்தில் ஏதோ கனமாக விழுந்து புழுதி பறந்தது. லாடம் இரண்டு இழுப்பு இழுத்தது. ஓமம் குப்பென்று மணத்தது.

பழனியம்மாள்தான் முதலில் பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"அது அவுகதான். எனக்குத் தெரியாதா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பரீதைப் பார்த்தாள். "தம்பி, அவுக எதையும் யாருக்கும் விட்டுக்குடுத்த மனுசரில்ல. வீட்லயும் அப்பிடித்தான். ஒம் மேல மண்ணள்ளிப் போட்டேனே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மாஸ்டர் மாஸ்டர்தான். வேறொருவராக இருந்தால் மயக்கம் போட்டிருப்பார். இவருக்கு மார்ச் பாதியில் கிடக்கிறதே என்பதுதான் கவலை. மருமகனைப் பார்த்த பார்வையிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, பட்டாளத்துக் குரலில் ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"எடத்த மூடு!"

அதைத்தான் அவர் செய்திருக்கக்கூடாது. அந்த இடத்தை அத்தனை நாள் திறந்து வைத்தாரே, அது முதல் தப்பு. உள்ளே ஆள் விழுந்து கிடக்கும்போதே மூடச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. நாங்கள் யாரும் அப்போது அப்படி யோசிக்கவில்லை. பழகிப்போன கால், உத்தரவைக் கேட்டதும் யோசிக்காது. பரீது இடது பக்கம் ஓர் எட்டு எடுத்துவைத்து முத்துச்சாமியின் இடத்தில் நின்றான்.

உடம்பு ஒரு தடவை குலுங்கியது. அவ்வளவுதான்.

அவன் கார்னெட்டை எடுத்து, அறுந்த இடத்திலிருந்து பிடித்தான். உச்சிச் சுரத்தை அடித்து முடித்து மார்ச்சை முதலிலிருந்து திரும்ப எடுத்தான். நத்தம் செட்டு ஒதுங்கி வழிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசல் வரைக்கும் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டே வந்தது. மாஸ்டர் நடந்துகொண்டே அவன் தோளைத் தட்டி, "இன்னையிலிருந்து நீதான் பர்ஸ்ட் கார்னெட்" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம்.

நான் அவனுக்கு நேர் பின்னால் நடந்தேன். மாப்பிள்ளை வீடு வரும்வரை அவன் தோள் ஒரு தடவைகூட ஏறவில்லை.

முத்துச்சாமியின் கார்னெட் பெட்டி அதற்கப்புறம் காய்ந்தே கிடந்தது. பரீதுக்கும் சர்புன்னிசாவுக்கும் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. பழனியம்மாள் ஒரு கூடை மல்லிகைப்பூ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நடந்ததைக் கண்கட்டு வித்தை என்றார்கள், கூட்டத்தின் மயக்கம் என்றார்கள். நத்தம் செட்டுக்காரர்கள், நாங்கள் மாடியில் ஓர் ஆளை ஒளித்துவைத்து ஊதவைத்தோம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பரீது பேண்டுக்குத் திரும்பி வரவில்லை. கார்னெட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பூட்டுப் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். முடிந்தது, இனிமேலாவது நன்றாக இருக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அந்த வழியாகப் போகும்போது அவனைப் பார்த்துவிட்டு வரலாமென்று ஒரு காலை நேரத்தில் வீட்டுக்குப் போனேன். சர்புன்னிசாதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"வாங்கண்ணே. நீங்க வருவீங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவருக்கு ஓம வாசனையே ஆகாது. இப்பப் பொழுதன்னைக்கும் அதத்தான் மெல்லுறாரு. நான் வாங்கித் தர்றதில்ல. எங்க இருந்து வருதுன்னே தெரியல."

பரீது கூடத்தில் ஒரு பூட்டை வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் உட்காரச் சொன்னான். பேச ஆரம்பித்தான். பட்டறையைப் பற்றி, பிள்ளையைப் பற்றி, ஆத்தூர்ப் பக்கம் மழை பெய்ததைப் பற்றி. பேசிக்கொண்டே இருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், எங்கே மூச்சு வாங்குகிறான் என்று என் காது தேடியது.

ஓர் இடத்தில்கூட வாங்கவில்லை.

சர்புன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாஸ்டர் இன்னும் மூச்சு மார்ச் வாசிக்க வைக்கிறாராண்ணே? இப்ப பர்ஸ்ட் கார்னெட் யாரு?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வாயில் வைத்தான். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. டீ உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"முன்னாடி எனக்குத்தான் குடுக்கிறதாச் சொன்னாரு."

பேச்சு நிற்கவில்லை. முத்துச்சாமி என்னிடம் புலம்பிய அதே சொல். அதே கூடத்தில், அவன் இருந்த இடத்திலிருந்தே வந்தது. ஓமம் மணத்தது. பயத்தைவிட அவன் மேல் இரக்கம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

டம்ளருக்கு மேலே பரீதின் கண்கள் கெஞ்சுகிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் இன்னும் குடித்து முடிக்கவில்லை.